ஓர் அசையா, மூன்று அசையா? பிரெஞ்சுச் சொல்லைப் பிரிப்பது பற்றிய நெடுங்கால வழக்கு

ஜன்னலுக்குப் பிரெஞ்சில் உள்ள சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தால் ஃபெ-நெ-த்ரெ என்று மூன்று அசை வரும். பாரிஸ்காரர் பேச்சோட்டத்தில் அதை 'ஃப்நெத்ர்' என்று ஒரே எழுப்பில் முடித்துவிடுவார். அதில் உயிரொலி ஒன்றுதான், ஆகவே அசையும் ஒன்றுதான். மர்சேய் நகரத்து முதியவர் மூன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். மரபுச் செய்யுளில் அதே சொல் வரியின் கடைசியில் நின்றால் இரண்டு; மெய்யில் தொடங்கும் சொல் தொடர்ந்தால் மூன்று. அச்சுக்கோப்பவரோ வாய் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் எழுத்தைப் பார்த்து வெட்டுவார்.

ஒரே சொல்லுக்கு இத்தனை கணக்கு எப்படி வந்தது? இது புதிய கேள்வி அல்ல. ஆங்கிலேயர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்க ஜான் பால்ஸ்கிரேவ் 1530இல் வெளியிட்ட பெரிய இலக்கணத்திலேயே உச்சரிப்புக்கும் எழுத்துக்கும் இடையிலான சிக்கல் பேசப்படுகிறது. 1550இல் லூயி மெக்ரே, எழுத்தைப் பேச்சுக்கு ஏற்ப மாற்றியே தீர வேண்டும் என்று, தன் இலக்கண நூலையே புதிய எழுத்துமுறையில் அச்சிட்டார். எழுத்துச் சீர்திருத்தம் தோற்றது. கேள்வி மட்டும் தீராமல் எஞ்சியது. அச்சகம், யாப்பு, ஒலியியல், உளவியல் என்று ஒவ்வொரு துறையும் தனக்குத் தேவையான விடையை எழுதிக்கொண்டது. இக்கட்டுரை அந்த விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

இங்கே அசை என்பது நேர், நிரை என்னும் யாப்பு அசை அல்ல. ஓர் உயிரைச் சுற்றி ஒரே எழுப்பில் வரும் ஒலித்தொகுதி. இன்னொரு பெயரும் அடிக்கடி வரும்: ஊமை எகரம். மேலே குறியேதும் இல்லாமல் சொல்லின் இடையிலோ கடைசியிலோ நின்று, சில வேளை ஒலித்தும் பல வேளை மறைந்தும் போகும் எகரத்தை அப்படி அழைக்கிறேன். வழக்குகளில் பெரும்பாலானவை அதன் பெயரில்தான் நடக்கின்றன.

## அச்சகத்தின் வெட்டு

வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்துக் கோடு போடுவதற்கு அச்சகங்கள் வகுத்த விதிகள் எளியவை. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது அடுத்த துண்டோடு போகும். இரண்டு மெய் வந்தால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இரண்டாவது மெய் ரகரமோ லகரமோ ஆனால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே அடுத்த துண்டுக்குப் போகும். இரட்டித்த மெய் நடுவில் வெட்டப்படும்.

இவை பேச்சைப் பின்பற்றுவதாகத் தோன்றினாலும் பின்பற்றுவதில்லை. மலையுச்சிக்கான 'ஸொமே' என்ற சொல்லில் மகரம் இரண்டு முறை எழுதப்படுகிறது, ஒரு முறைதான் ஒலிக்கிறது. அச்சகம் இரண்டு மகரத்துக்கும் நடுவே வெட்டும். வாய் முதல் உயிருக்குப் பின்னேயே பிரிக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. கவிஞரைக் குறிக்கும் 'பொயெத்' பேச்சில் ஐயமில்லாமல் இரண்டு அசை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு உயிரெழுத்துகளைப் பிரிக்கக் கூடாது என்பதால் அச்சகம் அங்கே கத்தி வைக்காது. 'எக்ஸாம்ப்ல்' என்று நாம் எழுதும் எடுத்துக்காட்டுச் சொல்லில் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து 'க்', 'ஸ்' என்ற இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது. ஒன்று முன் அசைக்கும் மற்றது பின் அசைக்கும் உரியது. எழுத்தைப் பாதியாக்க முடியாது. ஆகவே அந்த இடத்தில் வெட்டே கிடையாது.

சொல்லின் பிறப்பைப் பார்ப்பதா, ஒலியைப் பார்ப்பதா என்ற சண்டை தனி. அட்லாண்டிக்கைக் கடப்பதைக் குறிக்கும் சொல்லில் 'த்ரான்ஸ்' என்ற லத்தீன் முன்னொட்டு இருக்கிறது. பிறப்பு வழியில் வெட்டுபவர் முன்னொட்டை முழுதாக விட்டுப் பிரிப்பார். ஒலி வழியில் வெட்டுபவர் அந்த ஸகரத்தை அடுத்த அகரத்தோடு சேர்ப்பார், ஏனென்றால் வாய் அப்படித்தான் சேர்க்கிறது. இரண்டு வழக்கமும் இன்றுவரை உண்டு. 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங், எழுத்துத் தொடர்களின் அமைப்பைக் கொண்டு கணினியே சொல்லை வெட்டும் முறையை உருவாக்கினார். டொனால்டு நூத்தின் டெக் மென்பொருளுக்காக எழுந்த அந்த முறை விரைவிலேயே பிரெஞ்சுக்கும் வந்தது. அது வெட்டுவதும் எழுத்தைத்தான். உச்சரிப்பு தேடி வருபவர்கள் இந்த வெட்டுகளை அசை என்று எடுத்துக்கொள்வதால் எழும் குழப்பம், என் கணிப்பில், இந்தத் துறையிலேயே பெரியது. தவிர்க்க எளியதும் அதுவே.

## யாப்பின் கணக்கு

பன்னிரண்டு அசை கொண்ட அலெக்ஸாந்திரன் வரி பிரெஞ்சுக் கவிதையைச் சில நூற்றாண்டுகள் ஆண்டது. அதில் ஊமை எகரத்துக்குத் தெளிவான சட்டம் இருந்தது: அடுத்து மெய் வந்தால் எண்ணு, உயிர் வந்தால் விடு, வரிக்கடைசியில் விடு. பேச்சில் அது தேய்ந்து மறைந்த பின்பும் செய்யுள் அதை எண்ணிக்கொண்டே இருந்தது. தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது. குற்றியலுகரத்தை என்ன செய்வது என்று நம் யாப்பும் தடுமாறியிருக்கிறது. தொல்காப்பியர் உகர ஈற்றுக்காகவே நேர்பு, நிரைபு என்று தனி அசைகள் வைத்தார். பின்வந்த யாப்பு நூல்கள் அவற்றைக் கைவிட்டன. தேயும் உயிரை முழு உயிராக எண்ணுவதா என்பதே இரு இடத்திலும் சிக்கல்.

இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வரும்போது செய்யுளின் கணக்கு இன்னும் வேறுபடும். சிங்கத்தைக் குறிக்கும் சொல் பேச்சில் 'ல்யோ(ன்)' என ஓர் அசை. மரபுச் செய்யுளில் 'லி-யோ(ன்)' என இரண்டு. லத்தீனில் தனித்தனியாக இருந்த உயிர்களைச் செய்யுள் தனித்தனியாகவே வைத்திருந்தது என்பது வழக்கமான விளக்கம். ஆனால் பேச்சு செய்யுளை இழுத்த இடமும் உண்டு. கொலையாளிக்கான 'மெர்த்ரியே' பழைய கவிதையில் இரண்டு அசை. 'த்ர்' என்ற கூட்டுமெய்யோடு 'ய்' ஒலியையும் ஒட்டிச் சொல்ல நாக்கு மறுக்கவே அது மூன்றாக விரிந்தது. கொர்னேய் 1637இல் அரங்கேறிய 'லெ சித்' நாடகத்தில் மூன்றாகவே எண்ணினார். அதற்குக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். காலம் கொர்னேய் பக்கம் நின்றது.

அதே தடை இன்றைய பேச்சிலும் செயல்படுகிறது. 'கட்டு' எனப் பொருள்படும் வினை 'ல்யே' என ஓர் அசையாகச் சுருங்கும். 'மடி' எனப் பொருள்படும் வினை முன்னால் பகரம் நிற்பதால் 'ப்லி-யே' என இரண்டாகவே நிற்கும். ஆனால் மூன்று என்ற எண்ணுக்கான 'த்ருவா'வில் அதே போன்ற கூட்டுமெய் இருந்தும் ஓர் அசைதான். 'துளையிட்டான்' என்ற வினைமுற்றோ ஏறத்தாழ அதே ஒலிகளோடு 'த்ரு-ஆ' என இரண்டு அசை. முன்னதில் 'உவா' சொல்லோடு பிறந்த ஈருயிர். பின்னதில் பகுதியும் விகுதியும் சந்தித்ததால் உண்டானது. ஜொனதன் கே, ழான் லோவென்ஸ்டாம் இருவரும் 1984இல் இந்த இணைகளை வைத்து, 'த்ருவா'வின் அரை உயிர் மெய்களோடு சேர்ந்ததல்ல, உயிரோடு சேர்ந்தது என்று வாதிட்டார்கள். காதுக்குக் கேட்பதை மட்டும் நம்பினால் இந்த வேறுபாடு பிடிபடாது.

செய்யுள் கணக்கை வாசகர் எப்படி உணர்கிறார் என்பதை பெனுவா தெ கொர்நூலியே 1982இல் ஆராய்ந்தார். எட்டு அசைக்கு மேல் போனால், இரண்டு தொடர்கள் சம அளவு என்பதை எண்ணாமல் உணர முடிவதில்லை என்றார். பன்னிரண்டு அசை வரி நடுவில் ஆறு, ஆறு என்று உடைவதற்கு அவர் தந்த விளக்கம் இது. அசை என்பது இலக்கணப் புத்தகத்தின் கற்பனையல்ல, எங்கோ உணரப்படுகிற ஒன்று என்பதற்கு யாப்பு தரும் நல்ல சான்று இது என்பேன். எந்த அசை, பேச்சின் அசையா எழுத்தின் அசையா, என்ற கேள்வியை அது தீர்ப்பதில்லை.

## மூன்று மெய்யின் சட்டம்

ஊமை எகரம் எப்போது ஒலிக்கும், எப்போது மறையும் என்பதற்கு முதல் துணிச்சலான பொது விதி ஒரு கிராமத்துப் பேச்சிலிருந்து வந்தது. ஃப்ரான்ஷ்-கோம்தே பகுதியின் தாம்ப்ரிஷார் வட்டாரப் பேச்சை ஆராய்ந்த மொரிஸ் கிராமோன், 1894இல் 'மூன்று மெய் விதி'யை எழுதினார். எகரம் விழுந்தால் மூன்று மெய்கள் முட்டிக்கொள்ளும் என்றால் அது விழாது, இல்லையென்றால் விழும். 'அந்த ஜன்னல்' என்பது 'லா ஃப்நெத்ர்'. முன்னால் உயிர் இருக்கிறது; 'ஃப்', 'ந்' இரண்டு மெய்தான்; எகரம் தேவையில்லை. 'ஒரு ஜன்னல்' என்பது 'யூன் ஃபெநெத்ர்'. இங்கே எகரம் விழுந்தால் 'ந்', 'ஃப்', 'ந்' என மூன்று மெய் சேரும். ஆகவே அது நிற்கிறது. ஒரே சொல், ஒரே வாய். முன் சொல் மாறியதும் அசை எண்ணிக்கை மாறுகிறது.

விதியின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. அதன் வலிமைக்கு இன்னொரு சான்று, எகரம் எழுத்தில் இல்லாத இடத்திலும் ஒலிக்க வந்துவிடுவது. பனிக்கரடியைக் குறிக்கும் தொடரில் 'ஊர்ஸ்' என்பதற்கும் 'ப்லா(ன்)' என்பதற்கும் நடுவே எழுத்தில் எதுவும் இல்லை. பலர் வாயில் 'ஊர்ஸெ ப்லா(ன்)' என்று ஒரு சிறு எகரம் நுழைகிறது. பாரிஸின் வெற்றி வளைவைச் சொல்லும்போதும் 'ஆர்க்' என்பதற்குப் பின் அப்படியே. எழுத்தைப் படித்ததால் வந்த ஒலி என்று இதைத் தள்ள முடியாது.

பலவீனம் விரைவில் தெரிந்தது. 1966இல் பியேர் லியோன் கூட்டுச்சொற்களைப் பார்த்தார். பாலத்தின் தடுப்புக் கம்பியைக் குறிக்கும் 'கார்தெ-ஃபூ'வில் நடு எகரம் ஒலிக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைக் குறிக்கும் 'கார்த்-மலாத்'தில் மறைகிறது. மெய்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. மாறுவது பின்பகுதியின் நீளம்: ஓர் அசை மட்டும் மீதம் இருந்தால் எகரம் தாங்குகிறது, இரண்டு இருந்தால் போகிறது. மெய்களை மட்டும் எண்ணும் விதிக்கு இது தெரியாது. தாளத்தையும் சேர்த்துப் பார்க்கும் விதிக்கே தெரியும்.

1973இல் ஃபிரான்சுவா தெல், பாரிஸ் பேச்சின் எகர விதிகளை மிக நுணுக்கமாக வகுத்தார். அதே ஆண்டு ஆந்த்ரே மார்தினே, ஆன்ரியெத் வால்தெர் இருவரும் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி எதிர்ப்புறத்திலிருந்து ஒரு பாடம் சொன்னது. கல்வி கற்ற 17 பேரின் உச்சரிப்பைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்ததில், ஒருமித்த உச்சரிப்பு இல்லாத சொற்கள் ஏராளமாக வெளிப்பட்டன. விதி ஒருவரின் வாய்க்குப் பொருந்தும் அளவுக்கு ஒரு மொழிக்குப் பொருந்தாமல் போகலாம்.

## அசை என்றால் என்ன?

இத்தனைக்கும் நடுவே அசை என்ற அலகையே வரையறுக்க முயன்றவர்கள் தனி வரிசை. எடுவர்ட் சீவர்ஸ், ஓட்டோ எஸ்பெர்சன் போன்றோர் ஒலிகளை முழக்க அளவில் அடுக்கினார்கள்: உயிர்கள் உச்சியில், லகரமும் ரகரமும் நடுவில், வல்லினம் கீழே. முழக்கம் ஏறி இறங்கும் ஒவ்வொரு மேடும் ஓர் அசை. சொசூர் 1897இல் அசைக் கொள்கை பற்றி உரையாற்றினார். அந்தக் குறிப்புகள் 1916இல் வந்த அவரது நூலில் இடம்பெற்றன. ஒலி அடைபடுவதிலிருந்து திறப்பதற்கு மாறும் புள்ளியே அசை எல்லை என்பது அவர் கருத்து. அமெரிக்கரான ஸ்டெட்சன் 1928இல் ஒவ்வோர் அசைக்கும் நெஞ்சுத் தசையின் ஒரு துடிப்பு என்றார். 1950களில் பீட்டர் லடெஃபோகெட் குழுவினர் தசைகளின் மின்னசைவை அளந்தபோது அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் கிடைக்கவில்லை. அந்தக் கொள்கை அதோடு தளர்ந்தது.

முழக்க அளவுக்குப் பிரெஞ்சே ஒரு சங்கடம். நான்கு என்ற எண் 'காத்ர்' என முடிகிறது. கடைசி ரகரம் தகரத்தைவிட முழக்கம் கூடியது. கணக்குப்படி அது இரண்டாவது மேடு, இரண்டாவது அசை. பேசுபவரோ ஓர் அசை என்பார். அன்றாடப் பேச்சில் பலர் ரகரத்தையே விழுங்கி 'காத்' என்று சிக்கலைத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஸகரமும் இப்படித்தான். பள்ளிக்கான லத்தீன் சொல் 'ஸ்கோலா'. அந்த ஸகரத்தை அடுத்த அசையின் தொடக்கத்தில் தாங்க முடியாமல் முன்னால் ஓர் எகரம் வந்து 'எஸ்கொல்' ஆனது. பின்பு ஸகரம் தேய்ந்து இன்றைய 'எகொல்' ஆயிற்று. இன்றைய பிரெஞ்சோ 'ஸ்தூதியோ' போன்ற சொற்களை எகரம் இல்லாமலே சொல்கிறது.

1968இல் சோம்ஸ்கியும் ஹாலெயும் எழுதிய ஒலியமைப்பு நூலில் அசைக்கு இடமே தரப்படவில்லை. அதே ஆண்டு அவ்வழியில் பிரெஞ்சை ஆராய்ந்த சான்ஃபோர்ட் ஷேனும் மெய், உயிர் என்ற வரிசையைக் கொண்டே விதிகள் எழுதினார். 1970இல் எர்ன்ஸ்ட் புல்கிராமும், 1976இல் டேனியல் கானும் அசையை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். சொல்லின் தொடக்கத்தில் எத்தனை மெய்கள் சேர்ந்து வர முடியுமோ அத்தனையையும் பின் அசைக்குக் கொடு என்ற கோட்பாடு அப்போதுதான் உறுதிப்பட்டது. பிரெஞ்சுக்கு அது நன்றாகவே பொருந்தும். பியேர் தெலாத்ரின் கணக்கில் பிரெஞ்சுப் பேச்சின் அசைகளில் முக்கால் பங்கை ஒட்டியவை உயிரில் முடிபவை.

## சொல்லின் வேலி

மேலே சொன்னவை எல்லாம் சொல்லைத் தனியாக எடுத்து வெட்டுகின்றன. பிரெஞ்சுக்காரர் அப்படிப் பேசுவதில்லை. 'ஒரு தோழி' என்ற தொடர் 'யூ-நா-மி' என்றே பிரியும். முதல் சொல்லின் னகரம் இரண்டாம் சொல்லின் அசையைத் தொடங்குகிறது. தனியே சொன்னால் ஒலிக்காத மெய்யும் இப்படி உயிர் பெறும். 'பெரிய நண்பர்' என்பதில் முதல் சொல்லின் இறுதியில் எழுதப்படுவது 'த' போன்ற மெலிந்த டகரம். தனியே நின்றால் ஒலிக்காத அது, இங்கே வல்லொலியாகி 'க்ரா(ன்)-தா-மி' என்று வருகிறது. தெலாத்ர் 1947இல் இத்தகைய இணைப்புகளைக் கட்டாயம், விருப்பம், விலக்கு என மூன்றாக வகுத்தார். பாடநூல்கள் இன்றும் அதையே நம்புகின்றன. 1990களின் இறுதியில் ழாக் துரான், பெர்னார் லாக்ஸ், ஷான்தால் லிஷ் ஆகியோர் தொடங்கிய பெரிய பேச்சுத் தொகுப்புத் திட்டம், விருப்ப இணைப்புகள் உரையாடலில் எவ்வளவு அரிது என்பதைக் காட்டியது.

அப்படியானால் பிரெஞ்சில் அசை சொல்லுக்கு உரியதல்ல, தொடருக்கு உரியது என்று சொல்லிவிடலாமா? புல்கிராம் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். எனக்கும் அது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. ஆனால் ஒரு முள் இருக்கிறது. ஹெச் எழுத்தில் தொடங்கும் சில சொற்கள் இணைப்பை ஏற்பதில்லை. வீரர்களைக் குறிக்கும் 'லே எரோ' அப்படியே நிற்கும். இணைத்தால் 'லே ஸெரோ' ஆகி வீரர்கள் பூஜ்ஜியங்களாவார்கள். அந்த ஹெச் எழுத்துக்கு இன்று ஒலியே கிடையாது. காதுக்குக் கேட்காத ஒன்று வேலி போடுகிறது என்றால், சொல்லின் எல்லை பேசுபவர் மனத்தில் அழியாமல் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

## திறந்த அசை, மூடிய அசை

கற்பவருக்கு இந்த விவாதங்களில் நேரடியாகப் பயன்படும் இடம் இது. அசை உயிரில் முடிந்தால் எகரம் இறுகிய ஏகாரத்தை ஒட்டி ஒலிக்கும். மெய்யில் முடிந்தால் வாய் அகன்ற எகரமாகும். 'முதலாவது' என்பதன் ஆண்பால் 'ப்ரெம்யே', பெண்பால் 'ப்ரெம்யெர்'. எழுத்திலும் இது தெரியும்: பெண்பாலில் எகரத்தின் மேல் இடமிருந்து வலமாக இறங்கும் கோடு ஒன்று சேர்கிறது. மூக்கொலி உயிர்களும் அசையைப் பொறுத்தவை. 'நல்ல' என்பதன் ஆண்பாலில் னகரம் அதே அசையை மூடுவதால் தான் கரைந்து உயிரை மூக்கொலியாக்கிவிடுகிறது. பெண்பாலில் பின்னால் எகரம் எழுதப்படுவதால் னகரம் பிழைத்து முழுமையாக ஒலிக்கிறது. ஆனால் எழுத்து எப்போதும் வழிகாட்டாது. எதிரிக்கான சொல்லும் சலிப்புக்கான சொல்லும் எகரம், இரட்டை னகரம் என்றே தொடங்குகின்றன. முன்னது 'எந்மி', பின்னது மூக்கொலி ஆகாரத்தில் தொடங்கும் 'ஆ(ன்)-நுயி'.

அசை மாறினால் எழுத்தும் மாற வேண்டுமா? நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் எகரத்தின் மேல் நெடுங்காலமாக ஏறும் கோடு போடப்பட்டது. இறுகிய ஒலிக்கான குறி அது. ஆனால் அதற்கு அடுத்த ஊமை எகரம் பேச்சில் விழுந்துவிடவே அந்த அசை மூடிக்கொண்டது, ஒலி அகன்றுவிட்டது. 1990 டிசம்பர் 6 அன்று அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தப் பரிந்துரைகள் இறங்கும் கோட்டையும் அனுமதித்தன. இன்று இரண்டு வடிவமும் புழங்குகின்றன. தென் பிரான்சின் பேச்சில் திறந்த அசை, மூடிய அசை விதி ஏறத்தாழ விலக்கின்றிச் செல்லும். பாரிஸில் ரோஜாவின் ஓகாரம் மூடிய அசையிலும் இறுகியே ஒலிக்கும். தரம் என்று பாடநூல் சொல்வது விதிக்கு அடங்காத பாரிஸ் பேச்சைத்தான்.

## கேட்பவரின் காது

பேசுபவர் எப்படிப் பிரித்தாலும், கேட்பவர் அசையைப் பயன்படுத்துகிறாரா? 1981இல் ழாக் மேலேர், ழுவான் செகி முதலியோர் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. 'பாலாஸ்' என்ற சொல்லும் 'பால்ம்யே' என்ற சொல்லும் ஒரே மூன்று ஒலிகளில் தொடங்குகின்றன. முதலாவதன் முதல் அசை 'பா', இரண்டாவதன் முதல் அசை 'பால்'. 'பா' அல்லது 'பால்' எனத் தேடச் சொன்ன துண்டு முதல் அசையோடு அளவொத்து இருந்தபோது கேட்டவர்கள் விரைவாகப் பொத்தானை அழுத்தினார்கள். துண்டு நீளமாக இருப்பதா சிறியதாக இருப்பதா என்பது பொருட்டில்லை. அசையோடு பொருந்துவதே பொருட்டு. மேலேரும் செகியும் ஆன் கட்லருடன் சேர்ந்து 1980களில் இதை ஆங்கிலேயரிடம் சோதித்தபோது அந்த விளைவு வரவில்லை. பிரெஞ்சுக்காரர்களோ ஆங்கிலச் சொற்களைக் கேட்கும்போதும் அசையாகவே பிரித்தார்கள். தாய்மொழியின் தாளம் காதைப் பழக்குகிறது என்ற முடிவு கவர்ச்சியானது. 1945இல் கென்னத் பைக் தொடங்கிவைத்த தாள வகைப்பாட்டில் பிரெஞ்சு அசைத்தாள மொழியாக, அதாவது அசைகள் சம கால அளவில் வரும் மொழியாக, வைக்கப்பட்டதோடும் அது ஒத்துப்போனது.

இரண்டிலும் பின்பு விரிசல் விழுந்தது. அசைகள் சம கால அளவில் வருவதில்லை, தொடரின் கடைசி அசை தெளிவாக நீள்கிறது என்று வெங்க், வியோலான் இருவரும் 1982இல் காட்டினார்கள். 2001இல் அலேன் கோந்தான் குழுவினர் பொருளற்ற சொற்களைக் கொண்டு மேலேரின் சோதனையை மீண்டும் செய்தபோது, அந்த விளைவு குறிப்பிட்ட மெய்களுக்கும் குறிப்பிட்ட சூழல்களுக்கும் சுருங்கியது. காது முழு அசையைப் பிடிக்கவில்லை, அசையின் தொடக்கத்தையே புதிய சொல் தொடங்கக்கூடிய இடமாகக் குறித்துக்கொள்கிறது என்ற அடக்கமான கருத்து அவர்களிடமிருந்து வந்தது. அசை எங்கே முடிகிறது என்பதில் பேசுபவர்களே ஒத்துப்போகாதபோது, தொடக்கத்தை மட்டும் நம்பும் இந்தக் கருத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

## தலைகீழ்ப் பேச்சு தரும் சாட்சி

ஆய்வகத்துக்கு வெளியே ஒரு சோதனை நாள்தோறும் நடக்கிறது. அசைகளை முன்பின்னாக மாற்றும் 'வெர்லா(ன்)' பேச்சு புறநகர் இளைஞர்களிடமிருந்து பொது வழக்குக்கு வந்துவிட்டது. குளோத் ஸீதியின் 1984ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் தலைப்பே அப்படிப்பட்ட சொல். 'விசித்திரம்' எனப் பொருள்படும் 'பி-ஸார்' அதில் 'ஸார்பி' ஆகும். சந்தேகத்துக்கு இடமான என்ற 'லூஷ்' பேச்சில் ஓர் அசை; தலைகீழாகும்போது 'ஷெலூ'. ஒலிக்காத எகரம் எங்கிருந்தோ எழுந்து வந்துவிட்டது. ஆக, பேசுபவர் மனத்தில் 'லூ-ஷெ' என்ற ஈரசை ஒளிந்திருந்தது என்று சொல்லத் தோன்றும். ஊமை எகரத்தை ஒலியற்ற அசை மையம் எனக் கண்ட ஸ்டீஃபன் ஆண்டர்சன் (1982), மெய்யில் முடியும் சொற்களுக்குப் பின்னாலும் வெற்று மையம் வைத்த மோனிக் ஷாரெத் (1991) போன்றோரின் வழிக்கு இது இனிய செய்தி.

ஆனால் போலீஸ்காரரைக் குறிக்கும் 'ஃப்லிக்' சொல்லில் எகரம் எழுத்தில்கூட இல்லை. அதுவும் 'கெஃப்' ஆகிறது. ஒளிந்திருந்தது எழுத்தின் எகரம் அல்ல என்பது இதிலிருந்து உறுதி. மறுபுறம் 'பிஸார்' சொல்லின் கடைசியில் எகரம் எழுதப்படுகிறது, அதற்கு 'ஸார்பி'யில் எந்தப் பங்கும் இல்லை. ஈரசைச் சொற்களுக்கு எகரம் வேண்டியிருக்கவில்லை. ஓரசைச் சொற்களுக்கு மட்டும் வேண்டியிருந்தது. புரட்டிப் போட இரண்டு துண்டு வேண்டும் என்ற ஆட்டத்தின் தேவையே எகரத்தைக் கொண்டுவந்திருக்கலாம். இந்தச் சாட்சியை அளவோடுதான் நம்ப வேண்டும்.

## தீராதவை

விழுந்த எகரம் உண்மையில் போய்விடுகிறதா என்பது முதல் திறந்த கேள்வி. 1997இல் செசில் ஃபூழரோன், டோன்கா ஸ்டெரியாடே இருவரும் 'வேடிக்கையான' எனப் பொருள்படும் 'த்ரோல்' சொல்லையும், எகரம் விழுந்து அதேபோல் ஒலிக்கும் 'பாத்திரத்தின்' என்ற தொடரையும் அளந்து ஒப்பிட்டார்கள். எகரம் விழுந்த பின்பும் அதன் முன்மெய் முற்றிலும் ஒன்றாகிவிடவில்லை. நாக்கின் அசைவில் தடம் எஞ்சியது. அந்தத் தடம் ஓர் அசை இருந்ததன் மிச்சமா, சொல் எல்லையின் மிச்சமா என்பது முடிவாகவில்லை. இரண்டும் இந்த எடுத்துக்காட்டில் ஒரே இடத்தில் விழுவதால் இதைக் கொண்டு பிரித்தறிவது கடினம்.

இரண்டாவது, 'காத்ர்' போன்ற ஈறுகள். ஓரசை என்பவரும், வெற்று மையம் கொண்ட ஈரசை என்பவரும் ஒரே தரவைக் காட்டுகிறார்கள். ரகரத்தை விழுங்கும் பேச்சு முதல் தரப்புக்கு உதவுகிறது. அடுத்து மெய் வரும்போது எகரத்தோடு 'காத்ரெ' என்று சொல்பவர்கள் இரண்டாம் தரப்புக்கு உதவுகிறார்கள். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் சொல்லக்கூடும் என்பதால், தனிச்சொல்லை வைத்து இதைத் தீர்க்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொடரை, அதன் வேகத்தை, பேசும் சூழலை உடன் வைத்து அளக்கும் ஆய்வுகளுக்கே வாய்ப்பு கூடுதல்.

மூன்றாவது, யாருடைய பிரெஞ்சு என்பது. பாரிஸ் பேச்சில் எழுதப்பட்ட விதிகளுக்குத் தென் பகுதியே நல்ல உரைகல்லாக இருந்துவந்தது. ஆக்ஸிதான் மொழியின் நிழலில் வளர்ந்த அப்பேச்சு ஊமை எகரத்தை அன்றாடமும் ஒலித்தது. அங்கும் இளையோர் பேச்சில் அது குறைந்துவருவதை அண்மைப் பதிவுகள் காட்டுகின்றன. அது முழுவதும் தேய்ந்துவிட்டால் மரபுச் செய்யுளின் எண்ணிக்கைக்கு நெருக்கமாக இருந்த பேச்சு பிரான்சில் இல்லாமல் போகும். வெற்று மையக் கொள்கையைச் சோதிக்க வடக்கையும் தெற்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பும் குறையும். இப்போது சேர்க்கப்படும் பேச்சுப் பதிவுகளில் வயது முதிர்ந்த தென் பகுதியினரின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தே அந்தச் சோதனை பின்னாளில் நடக்கும்.